வண்டியில் காலியாகப் போன இரண்டு இருக்கைகள்

என் ஸ்டீபனுக்கு,

'என்' என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். மனம் வரவில்லை. இருக்கட்டும். கடைசி வரி வரை அந்தச் சொல் அங்கேயே நிற்கிறதா, பார்ப்போம்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை உன் பங்குக் கோயிலில் நினைவுப் பூசை. பூசை முடிந்ததும் வெளியே மரத்தடியில் எல்லோருக்கும் காபி கொடுத்து, உன்னைப் பற்றி நான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று லூர்து கேட்டிருக்கிறாள். உன் மனைவி கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை. இந்த முறை, "யோசிச்சு சொல்றேம்மா" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். இருபது வருஷம் ஒரே பத்திரிகை அலுவலகத்தில், நான் எழுத நீ படம் எடுக்க என்று ஊரைச் சுற்றிய இரண்டு பேரில், மிச்சமிருப்பவன் பேச யோசிக்கிறான் என்றால் அவள் வேறு என்ன செய்வாள்?

முதலில் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு அதுதான் வேண்டும். பிரிகேட் ரோட்டில் காபிக் கடைகளில் இப்போது சோபா போட்டிருக்கிறார்கள். நின்றுகொண்டு குடித்தால் காபி இறங்காது போலிருக்கிறது. உன் இடத்துக்கு வந்திருக்கும் பையன் படம் எடுத்ததும் கேமராவின் முதுகைப் பார்க்கிறான், பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடுகிறான். நீ இருந்திருந்தால், "அழிக்கறதுக்கு எதுக்குடா எடுக்கற?" என்று கேட்டிருப்பாய். சிவாஜிநகர் மார்க்கெட் அப்படியே இருக்கிறது. அந்த மீன் வாசனையும்.

போன மாதம் கதிரேசன் வந்தார்.

இதை அச்சில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கதிரேசன் ஸ்டீபனின் பழைய அறைத் தோழர். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பிறகு ஓசூருக்குப் போனார், அங்கிருந்து கோயமுத்தூர். நான் அவரை அந்தக் காலத்தில் இரண்டொரு தடவை பார்த்திருப்பேன், அவ்வளவுதான். உன் சாவுக்கு வர முடியவில்லை என்று அவருக்குக் குறை. மனைவி சரோஜாவோடு வந்து இறங்கி, "ஸ்டீபன் எல்லாரையும் கூட்டிட்டுப் போவானாமே ஒரு நடை, அதுல எங்களயும் கூட்டிட்டுப் போங்க சார்" என்று கேட்டார்.

வெளியூரிலிருந்து யார் வந்தாலும் நீ கூட்டிப்போன நடை. உன் சித்தப்பா மகன் வேலூரிலிருந்து வந்தபோது ஆரம்பித்தது. பிறகு என் விருந்தாளிகள், அலுவலகத்து விருந்தாளிகள், ஒருமுறை யாரோ ரயிலில் பழக்கமான பஞ்சாபிக் குடும்பம். ஞாயிறு காலை சிவாஜிநகரில் தொடங்கி, கமர்ஷியல் தெரு, எம்.ஜி. ரோடு, பிரிகேட் ரோடு, ஆஸ்டின் டவுன் வழியாக நீலசந்திராவில் உன் வீட்டில் முடியும். முடிகிற இடத்தில் லூர்து சுட்ட கல்கல் பலகாரமும் டீயும்.

அதற்கு ஒரே ஒரு விதி. கடைக்காரர் தன் வீட்டில் எந்த மொழி பேசுவாரோ அந்த மொழியில்தான் கேட்டு வாங்க வேண்டும். தவறினவர் பையைத் தூக்க வேண்டும். கடைக்குக் கொஞ்சம் முன்னால் நின்று அந்த ஒரு வாக்கியத்தை நீ சொல்லிக் கொடுப்பாய். விருந்தாளிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். கடைக்காரர் முகம் மலரும்போது இவர்கள் முகமும் மலரும். "பாத்தியா குரு, ஊரைச் சுத்திக் காட்றதுன்னா இதான். கட்டடத்தக் காட்டி என்ன பண்ண?" என்பாய். இந்த ஊரில் நண்பன் என்றால் 'குரு'தான்.

நீ இல்லாமல் நடந்த முதல் நடை இது. என் மகள் சுதாவும் வந்தாள். நீ இருந்தவரை அவள் இல்லாமல் அந்த நடை நடந்ததேயில்லை. "பாப்பாவக் கூட்டிட்டு வந்துடு" என்று சனிக்கிழமையே போன் செய்து சொல்லிவிடுவாய். உன் மகள் ஷீலா வந்தாலும் வராவிட்டாலும் என் மகள் வர வேண்டும். அதை உன் பிரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்க்கெட்டில் பழக்கடை சலீம் பாய் உன்னைக் கேட்டார். நீ இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்டார். கதிரேசன் சுதாவிடம் பாடம் படித்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கித்னே கு, பாய்?" என்று சப்போட்டாவைக் காட்டி விலை கேட்டார். சலீம் பாய் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஸ்டீபன் சாப் ஆளா? அப்ப சரி" என்று தமிழிலேயே சொல்லி, கூட ஒரு பழம் போட்டார்.

"என்னா பாய், நான் கஷ்டப்பட்டு பேசறேன், நீங்க தமிழ்ல சொல்றீங்க!"

"நீங்க என் வீட்டு பாஷ பேசினா, நான் உங்க வீட்டு பாஷ பேச வாணாமா?"

கமர்ஷியல் தெருச் சந்தில் வளையல்காரம்மாவிடம் சரோஜா, "ஈ காஜுலு எந்தம்மா?" என்று கேட்டு முழு மதிப்பெண் வாங்கினார். மலையாளி பேக்கரியில் கதிரேசன் "ஒரு சாயா, சேட்டா" என்பதற்குப் பதிலாக "ஒரு சேட்டா, சாயா" என்று கேட்க, கடையே சிரித்தது. "பை ஒங்க தலைல" என்று சரோஜா பையை அவர் தோளில் மாட்டினார். "எனக்கு வாய்ச்ச தமிழே தகராறு, இதுல அஞ்சு பாஷை வேறயா?" என்றார் கதிரேசன்.

நான் சந்தோஷமாக இருந்தேன் ஸ்டீபன். அதைப் பதிவு செய்ய வேண்டும். நீ இல்லாமலும் இந்த ஊர் உன் நடைக்கு வழி விடுகிறது என்று நினைத்தேன்.

பிறகு அந்த நின்று சாப்பிடும் ஹோட்டலுக்குப் போனோம். கன்னடத்தின் முறை. நாலு பேருக்கு இரண்டு காபி, பை-டூ. யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல் சுதாவே கேட்டாள். அவள் கன்னடத்தைக் கேட்டுவிட்டு கதிரேசன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதான் அந்தப் பாப்பாவா சார்?"

"எந்தப் பாப்பா?"

"அன்னிக்கு வராமப் போச்சே, அந்தப் பாப்பா. தொண்ணூத்தொண்ணுல." காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "கம்பெனி மெட்டடார் வேன எடுத்துக்கிட்டு வந்தேன். லூர்துவயும் ரெண்டு புள்ளைங்களயும் ஏத்திக்கிட்டு, மெயின் ரோடு வேணாம்னு ஆனேக்கல் வழியா ஓசூர் போனோம். ஒங்க வீட்டம்மாவுக்கும் பாப்பாவுக்கும் ரெண்டு சீட்டு வெச்சிருந்தேன். கடசி வரைக்கும் காலியாவே போச்சு. நீங்க பிடிவாதமா அனுப்ப மாட்டேன்னுட்டீங்களாம். அப்ப ஒங்க மேல எனக்குக் கோவம்தான் சார், மனசுல வெச்சுக்காதீங்க."

"யார் சொன்னா, நான் அனுப்ப மாட்டேன்னு?"

"ஸ்டீபன்தான். 'கேட்டுட்டேன், அவன் குடும்பத்த அனுப்ப மாட்டான்'னான்."

சரோஜா அவர் முழங்கையில் இடித்தார். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. நீ என்னைக் கேட்கவே இல்லை.

அந்த நாளை நாம் இருவரும் பலமுறை பேசியிருக்கிறோம். இன்னொரு முறை பேசுவோம், இந்த முறை நான் மட்டும்.

காவிரித் தீர்ப்பை ஒட்டி ஊர் கொதித்துக்கொண்டிருந்த டிசம்பர். கலவரம் வெடிப்பதற்கு முந்தின நாள் காலை. அலுவலகத்துக்கு எதிரில் டீக்கடை. என் மனைவி வசந்தா தன் அண்ணன் வீட்டுக்கு, சேலத்துக்குப் போகலாமா என்று கேட்டதை உன்னிடம் சொன்னேன். உன் டீயில் ஆடை படிந்திருந்தது, அதை விரலால் ஒதுக்கினாய். பிறகு சொன்னாய்: "போறவன் போகட்டும் குரு. நம்ம குடும்பம் போகாது. நாமளே ஓடிப் போயிட்டா, இது எல்லாரோட ஊருன்னு நாளைக்கு எந்த மூஞ்ச வெச்சுக்கிட்டு எழுதுவ?"

நான் அங்கிருந்தே வீட்டுக்குப் போன் செய்தேன். வசந்தாவிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "ஸ்டீபன் குடும்பமே இங்கதான் இருக்கு. நாம மட்டும் ஏன் போகணும்?" என்றேன். உன்னைத்தான் சாட்சியாக நிறுத்தினேன். அன்று பிற்பகல் உன் குடும்பம் ஆனேக்கலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

அடுத்த இரண்டு நாள் நான் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டேன். நீ ஊரடங்குக்குள் கேமராவோடு அலைந்தாய். அது நிஜம், அதை யாரும் மறுக்க முடியாது. விஜயநகரில் எங்கள் தெருவுக்கு ஒரு கூட்டம் வந்தது. தமிழர் வீடு எது என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டு ஜெயம்மா அதற்கு முன்பே வசந்தாவையும் சுதாவையும் தன் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்று, "இல்லி எல்லாரூ நம்மோரே, ஹோகி" என்றார். இங்கே எல்லோரும் நம்மவர்கள்தான், போங்கள் என்று. அவர்கள் உடனே நம்பவில்லை. எங்கள் வீட்டுக் கண்ணாடிகள் போயின. ஸ்கூட்டர் எரிந்தது.

ஜெயம்மாவின் சமையலறையில் ஆறு வயதுக் குழந்தை இரண்டு நாள் இருந்தாள். "மாத்தாட்பேட கந்தா, சும்னிரு" என்று ஜெயம்மா அவளை மடியில் வைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். பேசாதே கண்ணே, சும்மா இரு. தமிழில் ஒரு சொல் வெளியே கேட்டால் என்ன ஆகும் என்பது அந்தக் குழந்தைக்குப் புரிந்திருந்தது. ஊரடங்கைத் தளர்த்தியதும் நீயும் நானும்தான் வீட்டுக்குப் போனோம். அவள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து "அப்பா" என்றாள், அதோடு நிறுத்திக்கொண்டாள். அந்தச் சொல் இரண்டு மொழிக்கும் பொது. அதனால் அது மட்டும் பாதுகாப்பு என்று அவளாகவே கண்டுபிடித்திருந்தாள்.

நீ வாசற்படியில் நின்றாய். "ஜெயம்மா மாதிரி ஆளுங்க இருக்கற ஊரு இது" என்றாய். லூர்து எங்கே, பிள்ளைகள் பத்திரமா என்று வசந்தா கேட்டாள். தன் வீட்டுக் கண்ணாடிச் சில்லுகளின் நடுவில் நின்றுகொண்டு, அவள் உன் வீட்டைப் பற்றிக் கேட்டாள். "கிறிஸ்மசுக்கு தங்கச்சி வீட்டுக்கு முன்னாடியே போயிட்டாம்மா" என்றாய். டிசம்பர் மாதம். பொருத்தமான பதில். நான் சரிபார்க்கவில்லை. ஒரு பஸ் விபத்துக்குக்கூட இரண்டு பேரைக் கேட்காமல் எழுதாதவன், உன் வாய்ச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சுதா கேட்டைத் தாண்டினால் தமிழ் பேசுவதில்லை. வீட்டுக்குள் அருவி மாதிரிக் கொட்டுவாள். தெருவில் கால் வைத்ததும் கன்னடம். சேலத்திலிருந்து வந்த அவள் மாமா பஸ்ஸில் உரக்கப் பேசியபோது, சட்டையைப் பிடித்து இழுத்து வாயைப் பொத்தினாள். அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. டாக்டரிடம் காட்டினோம், சரியாகிவிடும் என்றார். ஆகவில்லை.

அடுத்த வருஷம்தான் நீ அந்த நடையை ஆரம்பித்தாய். இப்போது வரிசைப்படுத்திப் பார்க்கிறேன், எல்லாம் தெரிகிறது. ஆஸ்டின் டவுனில் அவரைக்காய் விற்கும் செல்வியக்காவின் தள்ளுவண்டியை நடையில் நீ ஏன் சேர்த்தாய் என்பதும் தெரிகிறது. திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர், அவரிடம் தமிழில்தான் வாங்க வேண்டும். சுதா "எஷ்டு அக்கா?" என்று கன்னடத்தில் விலை கேட்பாள். "என்னா பாப்பா, மூஞ்சப் பாத்தா எங்கூரு மாதிரி இருக்கு, கன்னடம் பேசற?" என்று செல்வியக்கா வம்புக்கு இழுப்பார். விதிப்படி சுதா தோற்றவள். பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பாள். பேசுவதைவிடச் சுமப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது. குளிர்காலம் ஒவ்வொன்றாகப் போயிற்று. நீ ஒருமுறையும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒருமுறையும் அந்த வண்டியை விட்டுத் தாண்டவும் இல்லை.

அப்புறம் ஒரு ஞாயிறு. விருந்தாளிகள் யார் என்பதுகூட மறந்துவிட்டது. சுதா வண்டிக்கு முன் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "அக்கா, ஒரு கிலோ குடுங்க. சொகடு இருக்கறதா பாத்துக் குடுங்க" என்றாள். அவரைக்காயின் அந்தப் பச்சை வாசனைக்குப் பெங்களூரில் எல்லா மொழிக்காரர்களும் சொல்லும் சொல் சொகடு. செல்வியக்கா, "அடி என் தங்கமே, வாய்ல முத்து வெச்சிருந்தியா இத்தன வருஷம்?" என்று கன்னத்தைக் கிள்ளினார். நான் உன் பக்கம் திரும்பினேன். கேமரா உன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எடுக்கலையா?"

"கை நடுங்குது குரு. ஷேக் ஆயிடும்."

அன்று பையை நீ வாங்கிக்கொண்டாய். ஐந்து மொழியிலும் தவறே செய்யாத நீ, அதற்குப் பிறகு எல்லா நடையிலும் பையைத் தூக்கினாய். யார் தோற்றாலும், "விருந்தாளிங்க தூக்கக் கூடாது" என்று நீயே மாட்டிக்கொள்வாய். விதியை உண்டாக்கியவனே அதை மீறுகிறான் என்று நான் கேலி செய்திருக்கிறேன். நீ மீறவில்லை. தோற்றவன் யார் என்று உனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

இதெல்லாம் அந்த ஹோட்டலில் நின்றபோதே எனக்குத் தோன்றிவிடவில்லை. அங்கே தோன்றியது ஒன்றுதான்: ஒருவர் சொன்னது செய்தி ஆகாது, இரண்டாவது ஆள் வேண்டும். கதிரேசனுக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் பிசகியிருக்கலாம். அப்படித்தான் என்னைப் பிடித்து நிறுத்திக்கொண்டேன். உன் பக்கம்தான் நின்றேன், அப்போதும்.

ஆஸ்டின் டவுனுக்கு வந்து சேர்ந்தோம். கதிரேசனும் சரோஜாவும் செல்வியக்காவிடம் அவரைக்காய் உரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது சுதா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, அந்த மாமா சொன்னது நிஜம்தான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஸ்டீபன் சித்தப்பா எங்கிட்ட சொல்லிட்டாரு. நான் டென்த் படிக்கறப்போ. இங்கதான், இதே வண்டிகிட்ட. நீங்க அந்தாண்ட யாரோடயோ பேசிட்டு இருந்தீங்க."

இரண்டாவது ஆள் கிடைத்துவிட்டாள்.

"என்ன சொன்னான்?"

"'கண்ணு, நீ அவ்ளோ நாள் வாயத் தொறக்காம போனதுக்கு நான்தான் காரணம்'னாரு. ரெண்டு சீட்டு விஷயத்தச் சொன்னாரு. நம்ம குடும்பமும் போயிட்டா, அவங்க வீட்டுல எல்லாரையும் இங்க திரும்பக் கூட்டிட்டு வர அவருக்குக் காரணமே இருக்காதுன்னு பயந்தாராம். 'ஒங்கள இங்க நிறுத்தி வெச்சா நானும் அவங்களத் திரும்பக் கூட்டிட்டு வந்துடுவேன்னு நெனச்சேன். இவ்ளோ ஆகும்னு நெனக்கல'ன்னு அழுதாரு."

"நீ என்ன சொன்ன?"

"சரி சித்தப்பான்னேன். வேற என்ன சொல்றது?"

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

அவள் ஒரு அவரைக்காயை எடுத்து உரித்தாள். "சொன்னா நீங்க அவரோட நடக்க மாட்டீங்க. எனக்கு இந்த நடை வேணும்ப்பா."

இதை எழுதும்போதும் எனக்கு எது அதிகமாக வலிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. நீ அந்தப் பிற்பகல் எனக்கு ஒரு போன் செய்யாததா? என் பெயரில் நீயே பதில் சொன்னதா? அல்லது மன்னிப்பைப் பத்தாம் வகுப்புக் குழந்தையிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, அவளை என்னிடம் பேசாதிருக்க வைத்ததா? ஏற்கெனவே ஒருமுறை அவள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவள், ஸ்டீபன். இரண்டாவது முறையும் உனக்காகவா?

நீலசந்திராவில் உன் சந்து முனையில் நான் நின்றுவிட்டேன். ஆபீசில் அவசர வேலை என்று சொல்லி, விருந்தாளிகளைச் சுதாவோடு உள்ளே அனுப்பினேன். கதிரேசன் தோளில் பையோடு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். பாவம், என்ன தப்பு செய்தோம் என்று அவருக்குத் தெரியவேயில்லை. உன் வீடு வரை வந்து படியேறாமல் நான் திரும்பியது அதுதான் முதல் தடவை.

வசந்தாவிடம் அன்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். உன் மேல் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். "அவர் சொன்னாருன்னு நான் இங்க இருக்கல. நீங்க சொன்னீங்கன்னுதான் இருந்தேன்" என்றாள். குக்கரை மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனாள். அதற்கு என்ன பதில் என்று நீயாவது சொல்லியிருக்கலாம்.

நமக்கு ஒரு தொழில் ஒழுக்கம் உண்டு. ஒருவர் மேல் குற்றம் வந்தால் அவர் பதிலைக் கேட்காமல் செய்தி முடியாது. கிடைக்காவிட்டால், 'சம்பந்தப்பட்டவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்று கடைசியில் ஒரு வரி சேர்ப்போம். எத்தனை நூறு தடவை அந்த வரியை எழுதியிருப்பேன்! நேரம் போதாதபோது, சோம்பலில், சில சமயம் நிஜமாகவே. அந்த வரிக்கு இவ்வளவு கனம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சம்பந்தப்பட்டவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை.

உயிரோடு இருந்தபோது சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? கத்தியிருப்பேன். ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன். பிறகு என்றைக்காவது ஒருநாள் ஏதோ ஒரு செய்திக்கு இருவரும் ஒரே ஜீப்பில் போக வேண்டி வந்திருக்கும். நீ ஜன்னல் பக்கம் உட்காருவாய், நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், அங்கே பேச்சு வந்துவிடும். அந்தச் சண்டையைக்கூட எனக்குத் தராமல் போய்விட்டாயே. பயந்தேன் என்று சொல்வது அவ்வளவு கஷ்டமா? ஊரே பயந்த நேரம் அது. நானும்தான் பயந்தேன். நீ பயப்படவில்லை என்று நினைத்து, என் பயத்தை வெளியே காட்டாமல் இருந்தேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இது எல்லோருடைய ஊர் என்று நீ சொன்னதை நம்பித்தான் என் குடும்பம் இங்கே நின்றது. சொன்ன நீ அன்றைக்கு நம்பவில்லை. ஆனால் ஜெயம்மா வாசலில் நின்று அதையேதான் சொன்னார், கன்னடத்தில், கல்லுக்கு எதிரில். சலீம் பாய் ஒரு பழம் கூடப் போடும்போது அதையேதான் சொல்கிறார். நீ பொய்யாகச் சொன்னது நிஜமாகவே இருந்தது என்பதை நான் எந்தக் கணக்கில் வைப்பது? பன்னிரண்டு வருஷம் அதே வாக்கியத்தை விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சொல்லி, நீயும் கடைசியில் நம்பிவிட்டாயா? தெரிந்துகொள்ள ஆசை. வழி இல்லை.

முந்தாநாள் லூர்து மறுபடி போன் செய்தாள். "சுதா எல்லாம் சொல்லிச்சு அண்ணா" என்றாள். தான் ஓசூரில் இருந்தபோது, நாங்களும் மனம் மாறி வேறு வண்டியில் கிளம்பிவிட்டோம் என்று நீ போனில் சொல்லியிருந்தாயாம். திரும்பி வந்து எரிந்த ஸ்கூட்டரைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்ததாம். அப்போதே என்னிடம் சொல்லச் சொல்லி உன்னோடு சண்டை போட்டிருக்கிறாள். "நாளைக்கு சொல்றேன், நாளைக்கு சொல்றேன்னே ஓட்டிட்டாரு."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"கோவமா இருந்தா கோவமாவே வாங்க அண்ணா. வராம மட்டும் இருக்காதீங்க. ஷீலா, பெரியப்பா ஏன் வர்றதில்லன்னு கேக்கறா. நான் என்ன சொல்லட்டும்?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளுக்குப் படித்தும் காட்டிவிட்டேன். ஒரு வரியைக்கூட எடுக்கச் சொல்லவில்லை. "கல்கல்ல விட்டுட்டீங்கன்னு நெனச்சேன், போட்டிருக்கீங்க" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை உன் கோயில் மரத்தடியில் நான் பேசுவேன். கலவரத்துக்குள் நுழைந்து நீ எடுத்த படங்களைப் பற்றிப் பேசுவேன். கடைக்காரரின் மொழியில் கேட்டு வாங்கும் விதியைப் பற்றிப் பேசுவேன். காலியாகப் போன இரண்டு இருக்கைகளைப் பற்றியும் பேசுவேன். பாதியை மட்டும் சொல்லி உன்னை நல்லவனாக்கினால், அது நீ எனக்குச் செய்ததையே நான் உனக்குச் செய்வதாகும்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன். பேனா அங்கே போகவில்லை. சுதா மன்னித்திருக்கிறாள், அது அவளுடையது. அவள் கொடுத்ததில் நான் பங்கு கேட்க மாட்டேன். எனக்கு இன்னும் ஆகவில்லை. ஆகும் என்று வாக்குக் கொடுக்கவும் முடியாது.

கொடுக்க முடிந்ததைக் கொடுக்கிறேன். இந்த ஊருக்கு நண்பர்கள் வரும்வரை உன் நடை நிற்காது. அதே வழி, அதே விதி. தோற்றவர்தான் பையைத் தூக்குவார், உனக்காக நான் தூக்க மாட்டேன். செல்வியக்காவின் வண்டியருகே நின்று நடந்ததை முழுதாகச் சொல்வேன், உன் பெயரைச் சொல்லி. பிறகு எல்லோரையும் கூட்டிக்கொண்டு நீலசந்திராவுக்கு வருவேன். சந்து முனையில் இனி நின்றுவிட மாட்டேன். கோபத்தோடாவது உன் வீட்டுப் படியேறுவேன்.

மேலே போய்ப் பார்த்தேன். அந்த முதல் சொல் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.

உன் ஷீலாவுக்கு என்றைக்கும் பெரியப்பாவான,
ரங்கநாதன்